இருண்ட ஓவியங்களைத் தேடிப் போகிறவருக்கு: மலையகத்திலிருந்து ஒரு வழிகாட்டி

நுவரெலியாவிலும் எல்லவிலும் சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்திருக்கும் கடைகளில் தொங்கும் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். கூடையோடு சிரிக்கும் ஒரு பெண், பின்னால் பச்சை, அதற்கும் பின்னால் மூடுபனி. இரத்தம் உறிஞ்சும் அட்டை கிடையாது, மழைக்குப் போர்த்திய படங்கு கிடையாது, நிறுவைத் தராசு கிடையாது. அந்தப் படங்கள் அலுத்துப்போய், "இதைத் தவிர வேறு ஒன்றும் இல்லையா?" என்று கேட்பவருக்காகவே இதை எழுதுகிறேன். இருக்கிறது. அதில் ஒரு பகுதியைச் செய்கிறவர்கள் நம்முடைய தோட்டங்களிலிருந்தே போனவர்கள்.

இருண்ட கலை என்று நான் சொல்வது மரணம், பயம், வன்முறை, சிதைந்த உடல், காணாமல்போனவர்கள், கெட்ட கனவு, கறுப்பு நகைச்சுவை ஆகியவற்றோடு நேருக்கு நேர் பேசும் சமகால ஓவியம், சிற்பம், புகைப்படம், நிறுவல் (ஓர் இடத்தில் பொருட்களை வைத்து அமைப்பது), ஆற்றுகை (கலைஞர் தன் உடம்பாலேயே நிகழ்த்திக் காட்டுவது) எல்லாவற்றையும் சேர்த்துத்தான். மண்டையோடு வரைந்தால் மட்டும் அந்தக் கணக்கில் வராது. பழைய சேலைத் துண்டில் கறுப்பு நூலால் போட்ட தையல் வரலாம்.

முதலில் ஊருக்குப் பக்கத்தில் பாருங்கள்

கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள மலைநாட்டிலேயே இடங்கள் உண்டு.

மாசி, பங்குனியில் உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ காமன் கூத்து நடந்தால் விடிய விடிய இருந்து பாருங்கள். சின்ன வயதில் பார்த்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். மன்மதன் எரிகிறான், ரதி ஒப்பாரி வைக்கிறாள், எமனும் வீரபத்திரனும் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறார்கள். பார்ப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் நடுவே கோடு இல்லை. பிற்பாடு ஒரு கேலரியில் ஆற்றுகைக் கலைஞர் ஒருவர் உடம்பில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு பேசாமல் நிற்பதைக் காணும்போது, "இது என்ன கூத்து?" என்று உங்களுக்குத் தோன்றும். கேலியாகத் தோன்ற வேண்டியதில்லை. அது உண்மையிலேயே கூத்துக்கு உறவானதுதான்.

கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் சுவரோவியங்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைப் பார்த்து முடித்ததும் கழுத்தை நிமிர்த்தி மேலே பாருங்கள். புத்தரைக் கலைக்க வரும் மாரனின் படை பாறைக் கூரையில் பரந்திருக்கிறது. பயமும் அலங்காரமும் ஒரே கோட்டில் எப்படிப் போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் கிடையாது. கோயிலுக்குப் போவதுபோல உடுத்திப் போங்கள்.

அடுத்தது கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். 2007இல் திறந்தார்கள். ஒரு லயத்தையே, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளையே, அருங்காட்சியகமாக்கி, தொழிலாளர் பாவித்த பொருட்களையும் பத்திரங்களையும் வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பது ஓவியக் கண்காட்சி இல்லை. ஆனாலும் போகச் சொல்கிறேன். இன்றைய கலைஞர்களில் பலர் பழைய பொருட்களையும் ஆவணங்களையும் தூக்கிவந்து அப்படியே காட்சிக்கு வைக்கிறார்கள். ஒரு காம்பிராவும் அதிலிருந்த சாமானும் எவ்வளவு பேசும் என்று அங்கே பார்த்துவிட்டால், நிறுவல் கலை பிறகு உங்களை மிரட்டாது. போகுமுன் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மலையேறிப்போய்ப் பூட்டைப் பார்ப்பதில் ஒரு கலையும் இல்லை.

பிறகு கைபேசி

இணையத்தில் "இருண்ட கலை" என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் துப்பிய பேய்ப் படங்கள். பெயரைப் பிடித்துத் தேடுங்கள். கலைஞர்களின் பெயர்களை இலங்கைக் கேலரிகள் ஆங்கில எழுத்தில்தான் பதிகின்றன. தமிழில் அடித்துக் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்.

உலகப் பெயர்களில் சிலவற்றோடு தொடங்கலாம். ஸ்பெயினின் கோயா 1819க்கும் 1823க்கும் இடையில் தன் வீட்டுச் சுவர்களிலேயே தீட்டிய 14 கறுப்பு ஓவியங்கள் இப்போது மட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யாரும் கேட்டு அவர் வரையவில்லை, விற்கவும் வரையவில்லை. போலந்தின் பெக்சின்ஸ்கி (1929–2005) எரிந்த நகரங்களையும் எலும்புக் கோபுரங்களையும் தீட்டினார். தன் ஓவியங்களுக்கு அவர் தலைப்பே வைப்பதில்லை. புதிதாகப் பார்ப்பவருக்கு அது நல்லது, சாய்ந்துகொள்ள ஒரு வரி விளக்கமும் கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் கீகர், மனித உடலையும் இயந்திரத்தையும் பின்னியவர், அவருக்கு குருயேரில் தனி அருங்காட்சியகமே உண்டு.

ஆனால் எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர்கள் இரண்டு பேர். ஜெர்மனியின் கேத்தே கொல்விட்ஸ் 1914இல் தன் இளைய மகனை யுத்தத்தில் பறிகொடுத்தவர். பிற்பாடு அவர் செதுக்கிய யுத்த மரச்செதுக்கு அச்சுகள் ஒன்றில் தாய்மார் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் பிணம், துப்பாக்கி ஒன்றும் கிடையாது. அடுத்தவர் வங்காளத்தின் சோம்நாத் ஹோர் (1921–2006). 1943 பஞ்சத்தைக் கண்ணால் கண்டு வரைந்தவர். 'காயங்கள்' வரிசையில் வெள்ளைக் காகிதக் கூழில் வெட்டும் கீறலும் மட்டும் பதித்தார். வெள்ளைமேல் வெள்ளை. இருண்ட கலைக்குக் கறுப்பு மை தேவையில்லை என்பதை அதைப் பார்த்தாலே புரியும்.

சிரிப்பும் அருவருப்பும் கலந்த இன்னொரு கிளை அமெரிக்காவில் வளர்ந்தது. கார்ட்டூன், டாட்டூ, மலிவுச் சினிமாச் சுவரொட்டி எல்லாம் கலந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் லா லூஸ் டி ஜீசஸ் கேலரி 1986இலிருந்து அதைக் காட்டிவருகிறது. 1994இல் தொடங்கிய ஜக்ஸ்டபோஸ் சஞ்சிகை அதைப் பரப்பியது. மெல்பர்னில் பைனார்ட் கேலரி உண்டு. இவற்றின் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் வாரம் ஒரு புதுப் பெயராவது கிடைக்கும். வேலைத்திறன் அபாரம். கொஞ்ச நாளில் எல்லாப் பெரிய கண்களும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும், அப்போது விட்டுவிடலாம்.

இலங்கையில் யாரை முதலில் பார்ப்பது

இங்கே இருண்ட கலை கற்பனை மிருகங்களிலிருந்து அதிகம் வரவில்லை. நடந்ததிலிருந்து வந்தது. 1992இல் ஜகத் வீரசிங்க வைத்த 'பதற்றம்' என்ற காட்சியை இதன் தொடக்கமாகப் பலர் சொல்கிறார்கள். 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு ஜூலை வன்முறை, தெற்கில் 1987–89 கிளர்ச்சிக் காலத்துப் பயங்கரம், வடகிழக்கு யுத்தம் எல்லாம் கண்ட தலைமுறை அது. 2000இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து தீர்த்த என்ற கலைஞர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பந்து மனம்பேரியின் ஆற்றுகைகள், முகத்தைத் தலைமுடியால் முழுதாக மூடிக்கொண்ட பெண்களை அனோலி பெரேரா காட்டும் புகைப்படங்கள் எல்லாம் அந்த வட்டத்திலிருந்து வந்தவை.

சந்திரகுப்த தேனுவரவைத் தவறவிடாதீர்கள். சோதனைச் சாவடிகளில் பச்சையும் மண்நிறமுமாகப் பூசி அடுக்கியிருந்த தார்ப் பீப்பாக்களை 1997இல் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து 'பேரலிசம்' என்று பெயர் வைத்தவர். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பீப்பாக்களுக்கு நடுவே நடந்த தலைமுறைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை 23ஐ ஒட்டி அவர் கொழும்பில் ஒரு காட்சி வைப்பது வழக்கம். ஒரே ஒரு தடவை போகத்தான் முடியும் என்றால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழர்களில் தா. சனாதனன். அவருடைய 'முழுமையுறாத தோம்பு' (2011) ஒரு புத்தகமாகவே வந்த கலைப்படைப்பு (தோம்பு என்றால் காணிப் பதிவேடு). வீட்டை இழந்தவர்கள் தங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுக்க, அதைக் கட்டடக்கலை வரைபடமாக்கி, அதன்மேல் தன் ஓவியத்தையும் சேர்த்திருக்கிறார். மட்டக்களப்பின் புஷ்பகாந்தன் பாக்கியராஜா காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றியே தொடர்ந்து வரைகிறார். கிளிநொச்சியின் வினோஜா தர்மலிங்கம் ஊசி நூலால் பதுங்குகுழிகளைத் தைக்கிறார். கிங்ஸ்லி குணதிலக எரித்த புத்தகங்களுக்குள் பொம்மைப் படைவீரர்களை நிறுத்துகிறார், பார்த்ததும் யாழ் நூலகம் ஞாபகம் வரும்.

மலையகத்துக்கு வருவோம். ஹனுஷா சோமசுந்தரம் பாவித்த தேயிலைப் பைகளையும் தேயிலைக் கறையையும் வைத்துத் தோட்டத் தொழிலைப் பேசுகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர். படத்தில் பார்த்தால் மெல்லிய பழுப்பு நிறம், அழகாகக்கூட இருக்கும். கிட்டப்போனால்தான் அந்தப் பழுப்பு எதிலிருந்து வந்தது என்பது உறைக்கும். அருள்ராஜ் உலகநாதனும் தோட்ட மக்களின் வாழ்விலிருந்தே எடுத்துச் செய்கிறவர். கண்டியில் பிறந்த ஹேமா ஷிரோனி எம்ப்ராய்டரியில் வீடு, இடப்பெயர்வு, மொழி எல்லாவற்றையும் தைக்கிறார். நம் வீட்டுத் தலையணை உறையில் அம்மா போட்ட அதே தையல்தான்.

இன்னொருவர் பிரியந்த உடகெதர. தூரத்தில் பார்த்தால் பூந்தோட்டம். உள்ளே போகப் போக இலைகளுக்கு நடுவே காயப்பட்ட உடல்கள். எல்லவில் கூடைப் பெண் படம் விற்கிறவர்களின் கடைக்குப் பக்கத்திலேயே இவருடைய படம் ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

கொழும்பில் ஒரு நாள்

விடியற்காலையில் புறப்பட்டால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தவர்கள் ஒரே நாளில் போய் இரவு திரும்பலாம். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் ஒரு இரவு தங்குவதற்கு வழி பார்ப்பது நல்லது. 2025 நவம்பர் புயலில் மலைநாட்டு ரயில் பாதை பலமாக அடிபட்டது, அதனால் ரயிலை நம்பித் திட்டம் போடுமுன் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வார நாளாகப் பாருங்கள். பல இடங்கள் ஞாயிறு அல்லது திங்களில் மூடியிருக்கும்.

புறக்கோட்டையில் இறங்கி 100 அல்லது 101 பஸ்ஸில் காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டிக்குப் போங்கள். கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் இலங்கை நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 2019 டிசம்பரில் தொடங்கிய நிறுவனம். அனுமதி இலவசம், விளக்கங்கள் தமிழிலும் இருக்கும். அதனால்தான் அதை முதலாவதாக வைக்கிறேன். அங்கே நிற்கும் உதவியாளர்களிடம் தமிழில் கேளுங்கள். ஷாப்பிங் மோலுக்குள் போவதற்குக் கூச்சமாக இருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கே யாரும் உங்களிடம் எதையும் விற்க வரமாட்டார்கள்.

அதே காலி வீதியில் கொஞ்சம் தெற்கே பேர்ஃபுட் கேலரி. கடைக்குள் புகுந்து பின்பக்கம் போக வேண்டும். காட்சி நன்றாக இருக்குமா என்பது அந்தந்த மாதத்தைப் பொறுத்தது.

அங்கிருந்து ஒரு ஓட்டோ பிடித்துக் கறுவாத்தோட்டம். பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷன், ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் உருவான 43 குழு என்ற நவீன ஓவியர் குழுவின் படைப்புகள் வீட்டுச் சுவர்களிலேயே மாட்டியிருக்கின்றன. பழசுதானே என்று கடந்து போகாதீர்கள், ஜஸ்டின் தெரணியகலவின் முரட்டுத் தீற்றல்களுக்கு முன்னால் நில்லுங்கள். இன்றைய இருண்ட ஓவியர்களுக்கு அவர் பெரியப்பா முறை. வாரத்தில் சில நாட்கள், சில மணி நேரம்தான் திறப்பார்கள், முன்கூட்டியே கேளுங்கள்.

பக்கத்திலேயே ஹோர்ட்டன் பிளேஸில் சஸ்கியா பெர்னாண்டோ கேலரி. மேலே சொன்ன சமகாலப் பெயர்கள் சிலவற்றை அங்கே காணலாம். அதே வீதியில் ஜே.டி.ஏ. பெரேரா கேலரி, கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மாணவர் காட்சிகள் அடிக்கடி நடக்கும். நேரம் மிஞ்சினால் கில்போர்ட் கிரசென்டில் லயனல் வென்ட். நான்கு இடத்துக்கு மேல் ஒரு நாளில் போகாதீர்கள். கண் களைத்தபின் எல்லா இருட்டும் ஒன்றுதான்.

உள்ளே போனபின்

கேலரி வாசல் பலரையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. கண்ணாடிக் கதவு, குளிர், மேசையில் ஆங்கிலம் பேசும் ஒரு பிள்ளை. தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள். டிக்கெட் கிடையாது, வாங்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. வருகிறவர்கள்தான் அவர்களுக்கும் வேண்டும். திறப்பு விழா மாலையைவிட அடுத்த வாரத்தின் ஒரு மத்தியான வேளை நல்லது. விழாவில் ஆட்களைப் பார்க்கலாம், ஓவியம் பார்க்க முடியாது.

படத்தைப் பார்க்கும் ஒழுங்கு ஒன்று சொல்கிறேன். முதலில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்க அட்டையை வாசிக்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். எதைக்கொண்டு செய்திருக்கிறார் என்று பாருங்கள்: மையா, சாம்பலா, தேயிலைச் சாயமா, மருந்துக் கட்டுத்துணியா. பிறகு எது இல்லை என்று பாருங்கள். முகம் இல்லையா, கதவு இல்லையா, ஆள் இல்லாத கதிரையா? இதற்குப் பின்னால்தான் அட்டை. வாசித்துவிட்டுத் திரும்பவும் படத்துக்கு வாருங்கள். அட்டை சொன்ன கதை படத்தில் இருந்தால் சரி. அட்டையில் மட்டும் இருந்தால் அந்தக் கலைஞர் கட்டுரை எழுதியிருக்கலாம்.

திடுக்கிட வைப்பது சுலபம். இரத்தமும் புழுவும் யாரையும் திடுக்கிட வைக்கும். அந்தத் திடுக்கம் அடங்கியபின்னும் படத்தில் பார்க்க ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல். அடுத்த தடவை பஸ்ஸில் போகும்போது அந்தப் படம் தானாக ஞாபகம் வந்தால் அந்தக் கலைஞரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காணாமல்போன மகனையோ எரிந்த வீட்டையோ பற்றிய படைப்பு, அதே இழப்பு உள்ளவருக்கு வெறும் கலையாக இருக்காது. அப்படியானவரைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் வெளியே வந்து உட்காருவதில் வெட்கம் இல்லை. படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், பிளாஷ் வேண்டாம்.

பிறகு வரும் வாசல்கள்

கொலம்போஸ்கோப் கலைவிழா 2013இல் தொடங்கியது. அண்மைய பதிப்புகள் ஜனவரியில் நடந்திருக்கின்றன. 2015இல் அது கொம்பனித்தெருவின் ரியோ கட்டடத்துக்குள் நடந்தது. 83இல் தாக்கப்பட்டுச் சிதைந்த தியேட்டரும் ஹோட்டலும் இருந்த கட்டடம் அது, சுவரே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. இப்படிக் கேலரியல்லாத இடங்களில் காட்சி வைக்கும் விழாக்களைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

உண்மையில் துணிச்சலான வேலைகள் கிடைப்பது பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர் காட்சிகளில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறையிலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் மலையகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியரைக் கேட்டால் யாராவது ஒருவரின் நம்பர் கிடைக்கும். கேலரிக்காரரிடமும் விடைபெறும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இவரைப் பிடித்தவருக்கு வேறு யாரைக் காட்டுவீர்கள்?" எனக்கு அந்தக் கேள்வி தந்த பெயர்களை எந்தத் தேடுபொறியும் தந்ததில்லை.

வாங்குவதானால்

பெரிய ஓவியங்கள் நம் கைக்கு எட்டாது. அச்சுப் பிரதி, சிறிய வரைபடம், மாணவர் வேலை ஆகியவை சிலவேளை எட்டும். அச்சுப் பிரதியில் கீழே பென்சிலால் 4/20 என்றதுபோல எழுதியிருக்கும்: 20 பிரதிகளில் நாலாவது. அந்த எண்ணும் கையொப்பமும் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். தவணையில் கொடுக்கலாமா என்று கேட்பதும் வழக்கம்தான்.

வீட்டில் எதிர்ப்பு வரும். "இந்த மாதிரிப் படத்தை வீட்டில் மாட்டினால் சனியன் பிடிக்கும்" என்பார்கள். சொல்கிறவரின் தலைக்கு மேலேயே மண்டையோட்டு மாலையும் நீட்டிய நாக்குமாகக் காளியம்மா கலண்டரில் நிற்பாள். சண்டை பிடிக்காதீர்கள், படுக்கிற அறையை விட்டு நடைப்பக்கமாக மாட்டுங்கள்.

நம் ஊரில் ஓவியத்துக்கு உண்மையான எதிரி ஈரம். ஹட்டன், நானுஓயாப் பக்கத்து மழைக்காலத்தில் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் எடுக்காது. சட்டம் போடும் கடையில் அமிலமில்லாத அட்டை கேளுங்கள், காகிதம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டக் கூடாது, அடுப்புப் புகை வரும் பக்கத்திலும் கூடாது. சட்டத்தின் பின்மூலைகளில் போத்தல் மூடித் தக்கையின் சிறு துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும். மாதம் ஒரு தடவை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.